பணிய மறுத்த கிருமி

வடிவம்மாளின் ஆட்டுக்கு மருந்துதான் முதலில் வந்தது. நோய் அதற்குப் பிறகு வந்தது.

மேலகரத்துத் தெருவில் தமுக்கு அடித்துக்கொண்டு வந்தவன், சொல்லிக்கொடுத்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"தென்காசிக் கால்நடை நலன் காப்பு நிலையத்துல நாளைக்கு மடிப் பாதுகாப்பு முகாம்! ஐந்தாண்டுத் திட்டத்துச் சீமை மருந்து! பால் கறக்குற மாடு, ஆடு எல்லாத்தையும் பத்திட்டு வாங்க! நோய் வராத மடிக்கும் உண்டு!"

பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"நோய் வராத மடிக்கு எதுக்குக்கா மருந்து?"

"வராம இருக்கத்தான்."

"அப்ப நாளைக்குத் திருடாதவனுக்கும் ஜெயில் உண்டுன்னு தமுக்கு அடிப்பாவளோ?"

வடிவம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. அவளுடைய மடியில் ஒரு கைக்குழந்தை கிடந்தது. ஆட்டின் மடியை நம்பி அது உயிர் வளர்த்துக்கொண்டிருந்தது.

குழந்தை அவளுடையதல்ல. தங்கை பேராச்சி பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல் தனியாக இருந்த வடிவம்மாள் அதை வாரி எடுத்துக்கொண்டு வந்தாள். குற்றாலத்து அம்மன் பெயரையே வைத்தாள். குழல்வாய்மொழி. கூப்பிடுகையில் மொழி. குழந்தையின் அப்பன் உச்சிமாகாளி மாநில எல்லையில் இருக்கிற புளியறைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரன். கெட்டவன் இல்லை. காரியம் முடிந்ததும் வடிவம்மாளிடம் நேராகவே பேசினான்.

"மதினி, உங்க ஆடு பால் தருதுல்லா, பிள்ள உங்ககிட்டயே வளரட்டும். எனக்கு வேற எடத்துல பேசுதாவ. வாறவ என்ன சொல்லுதான்னா, பிள்ளைய எங்கிட்டத் தந்தா எம் பிள்ளையா வளப்பேன், ஆனா பெரியம்மாக்காரி வாசப்படி மிதிக்கப்பிடாதுங்கா. அதனால உங்ககிட்ட இருந்தா உங்ககிட்ட. அங்கன வந்தா அங்கன. பால் இருக்குற வரைக்கும் நான் வந்து கேக்க மாட்டேன்."

பால் என்றால் ஆட்டுப்பால்தான். சாரல் விழுந்துவிட்டால் அந்த வட்டாரத்துப் பசும்பால் எல்லாம் குற்றாலத்துக்குப் போய்விடும். அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிற சீசன்காரர்களுக்குச் சூடாகக் காபி வேண்டும். ஐந்தருவிப் பாதை நெடுகக் கடை. வாடிக்கைப் பால்காரன் மேலகரத்துக்காரர்களைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிப்பான். ஆகவே வடிவம்மாளுக்கு மயிலி ஒன்றுதான் கதி.

மயிலி கறுப்பு ஆடு. முகத்தில் கொம்படியிலிருந்து மூக்கு வரை இரண்டு வெள்ளைக் கோடுகள். அந்தப் பக்கத்தில் இந்த ஜாதிக்குக் கன்னி ஆடு என்று பெயர். எத்தனை ஈத்து ஈன்றாலும் கன்னிதான். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிற்பாடு இதனால் ஒரு விசாரணையே தடம் புரளப்போகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

முகாமில் மண்டல அதிகாரி பேசினார்.

"பெருமக்களே! ஒரு குழாய் மருந்தை ஒரே மாடு அனுபவிப்பது பண்ணையார் காலத்து வழக்கம். இது சமதர்ம காலம். ஒரு குழாயைப் பல மடிகள் பகிர்ந்துகொள்ளும்! வந்த மருந்து சென்ற ஆண்டு வந்த அதே அளவுதான். ஆனால் மருந்து கண்ட மடிகளோ பல மடங்கு! ஒவ்வொரு மடிக்கும் மருந்து குறைந்துவிட்டதே என்று குறும்பர்கள் கேட்கிறார்கள். மருந்து குறையவில்லை. பரவியிருக்கிறது!"

கைதட்டினார்கள். மாடுகள் சாணி போட்டன.

கம்பவுண்டர் சங்கிலிப்பாண்டி, வீங்கிய மடியோடு முன்னால் நின்ற பசுவின் காம்பில் குழாய் மூக்கைச் செருகி ஒரு பிதுக்குப் பிதுக்கினார். உருவினார். தோள் துண்டில் துடைத்தார். மயிலியின் பக்கம் குனிந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பசுவுக்கு மடி நல்லால்லையே. அதுக்கு வச்சதையே இதுக்கும் வைக்கேளே?"

"தொடைச்சமுல்லா?"

"துண்டுலயா?"

"தொவைச்ச துண்டும்மா" என்றார், மனம் புண்பட்டு.

மயிலி பின்னங்காலை உதறியது. வடிவம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சும்மா நில்லுட்டி, ஒன் நல்லதுக்குத்தான்" என்றாள். நின்றது. வடிவம்மாள் சொன்னால் அது நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் சங்கிலிப்பாண்டி ஜன்னலோரம் டீ போட்டார். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்ட ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைக் கரண்டியால் அள்ளித் தம்ளரில் போட்டுக் கலக்கினார். வடிவம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாவம், நாளெல்லாம் நோய்க்கு நடுவுல நிக்காவல்லா, அவுகளும் மருந்து குடிக்காவ" என்று கூட வந்திருந்த பாத்திமுத்துவிடம் சொன்னாள்.

கொஞ்ச நாளில் மயிலியின் மடி ஒரு பக்கம் வீங்கியது. தொட்டால் கொதித்தது. கல்லைப் போல இறுகியது. கறந்தால் திரிதிரியாக விழுந்தது, சிவப்பு ஓடியது. மறுபக்கத்துக் காம்பில் வந்த கொஞ்சத்தைக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினாள். குழந்தை குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அழுதது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தென்காசிக்கு நடந்தாள். பாத்திமுத்து துணைக்கு வந்தாள்.

டாக்டர் நம்பிராஜன் மடியைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனுஷர். நல்ல கை. மயிலி அவரிடம் முரண்டு பிடிக்கவில்லை.

"முகாமுக்குக் கொண்டு வந்தியாம்மா?"

"வந்தேன் ஐயா."

"முகாமுக்கு வந்த ஆட்டுக்கு நோய் வராதே."

"வந்துருக்கே ஐயா."

"அப்படி வர வழியில்லைம்மா. மேலிடத்துக்கு எழுதியாச்சு, முகாமுக்கு வந்த மடி எல்லாம் பாதுகாப்பா இருக்குன்னு." குரலைத் தாழ்த்தினார். "சரி, பென்சிலின் வைக்கேன். ஆனா வழக்கமான அளவுதான் வைக்க முடியும். கொஞ்சந்தான். குழந்தைய வெளிய வச்சுக்கிடு. இது மிருக ஆஸ்பத்திரி."

வைத்தார். கேட்கவில்லை. மறுபடி வைத்தார். மடி இன்னும் இறுகியது. மற்றப் பக்கமும் வீங்கத் தொடங்கியது. முகாமுக்கு வந்த மாடுகள் வேறு ஒவ்வொன்றாக வாசலில் வந்து நின்றன. எல்லா மடியும் ஒரே மாதிரி வீங்கியிருந்தது. டாக்டருக்கு உள்ளூர எதுவோ புரிந்துவிட்டது. மயிலியின் பாலைச் சீசாவில் அடைத்துச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அவர் வாழ்நாளில் செய்த துணிச்சலான காரியம் அது ஒன்றுதான்.

அரசாங்கம் தமிழில் நடக்கத் தொடங்கியிருந்த காலம். ஆய்வுக்கூடத்துக்காரர் இங்கிலீஷில் எழுதியது மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போய், அங்கே ஒரு புலவர் கையில் குளித்து முழுகி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு தென்காசிக்கு வந்தது. டாக்டர் வாசித்தார்:

"'மேற்படி கன்னி ஆட்டின் பாலில் காணப்பட்ட கிருமியானது, அரசு மருந்தாகிய பென்சிலினுக்குப் பணிய மறுக்கிறது.'"

"அப்படின்னா என்னய்யா?"

"அந்த மருந்துக்கு அது சாகாதும்மா. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துக் குடுத்து அதுக்குப் பழகிப்போச்சு."

"எம் மாமியா வசவு எனக்குப் பழகினாப்புல" என்றாள் பாத்திமுத்து.

விஷயம் அத்தோடு டாக்டருக்கும் ஆட்டுக்கும் இடையில் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தின் நகல் தலைமை அலுவலகத்துக்கும் போயிருந்தது. அங்கே அதைப் படித்தவர்களுக்கு மடியும் தெரியாது, கிருமியும் தெரியாது. 'பணிய மறுக்கிறது' என்ற இரண்டு சொல் மட்டும் நன்றாகத் தெரிந்தது. பணிய மறுப்பது யாராக இருந்தாலும் அது ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். போயிற்று. அரசு மருந்துக்கு ஒரு கிருமி கீழ்ப்படியாதது பற்றி நேரில் விசாரிக்கச் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி புறப்பட்டார். சீசன் நேரம் என்பதால் குடும்பத்தோடு புறப்பட்டார்.

விசாரணை அவர் காலையில் அருவிக்குப் போய்வந்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகாத தலையோடு உட்கார்ந்தபிறகு தொடங்கியது. வடிவம்மாள் குழந்தையோடு நின்றாள். குழந்தை கஞ்சித் தண்ணீரில் வயிறு நிறையாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"ஆடு உன்னுடையதா?"

"ஆமாய்யா."

"கன்னி ஆடு என்று இருக்கிறது. சரிதானா?"

"சரிதான் ஐயா."

"கன்னி என்றால் கிடாவோடு சேராதது."

"சேந்துருக்கு ஐயா. ரெட்டைக் குட்டி போட்டுது."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குட்டி போட்டதா? அப்படியானால் கன்னி இல்லை."

"கன்னிதான் ஐயா."

"குட்டி போடும் முன்பு கன்னி. சரி. போட்ட பிறகு?"

"பொறவும் கன்னிதான். அதுக்கு அம்மையும் கன்னிதான்."

"அதுக்கு ஆச்சியும் கன்னிதான்" என்று பாத்திமுத்து சேர்த்துக்கொண்டாள். "எங்க ஊரு முழுக்கக் கன்னிதான் ஐயா. குட்டிக்குக் கொறவில்ல."

அதிகாரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அவர் உதடு திறந்தது. மேலிடத்துக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பது முறையா என்று யோசித்தது போல மறுபடி மூடிக்கொண்டது.

'உரிமையாளரின் வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல' என்று அதிகாரி எழுதச் சொன்னார். அடுத்த கேள்விக்குப் போனார்.

"அரசு மருந்துக்கு நம் மாநிலக் கிருமி பணியாமல் இராது. இது எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். இந்த ஆடு புளியறைக்கு மேற்கே மேய்ந்ததுண்டா?"

"இது எங்க தெருவத் தாண்டுனதே இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஐயா."

"புளியறையில் உனக்கு யாராவது உண்டா?"

"எந் தங்கச்சி மாப்பிள்ள அங்கன போலீஸா இருக்காவ."

"ஆகத் தொடர்பு இருக்கிறது!" அதிகாரியின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. உடனே சோதனைச் சாவடிக்கு ஓர் ஓலை பறந்தது. மேலகரம் வடிவம்மாளின் பாலற்றுப்போன ஆட்டைத் தாக்கிய கிருமி அவ்வழியே கடந்ததா, கடந்திருந்தால் எந்த லாரியில், காவலில் இருந்தவர் யார்?

அன்று பிற்பகல் டாக்டர் தனியாக இருந்தபோது வடிவம்மாள் ஆட்டோடு போய் நின்றாள்.

"ஐயா, இந்த மருந்துதான் கேக்கல. வேற மருந்து ஒண்ணும் கெடையாதா?"

"இருக்கும்மா."

"இருக்கா?"

"புதுசா வந்துருக்கு. திருநெல்வேலியில இருக்கு. எழுதிக் கேட்டா ரெண்டு நாள்ல வந்துரும்."

"கேளுங்கய்யா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தென்காசிக் கோபுரத்துக்குப் பின்னால் மலையில் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது.

"வேற மருந்து கேட்டா, இந்த மருந்து வேலை செய்யலைன்னு நாம ஒத்துக்கிட்டதா ஆகும். அதிகாரி அதுக்குச் சம்மதிக்க மாட்டார். பணிய மறுக்கிறவனுக்கு மூணு சந்தர்ப்பம் குடுக்கணுங்கிறது விதியாம். கிருமிக்கு இன்னும் ஒரு சந்தர்ப்பம் பாக்கி இருக்கு."

"ஆட்டுக்கு எத்தன சந்தர்ப்பம் இருக்கு ஐயா?"

அவர் அலமாரியைத் திறந்தார். அதே மருந்தைக் கொஞ்சம் வைத்தார். வைத்தபின் மயிலியின் நெற்றியை, அந்த இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கும் நடுவில், விரலால் தடவிக்கொடுத்தார்.

மயிலியின் மடி கறுத்தது. சூடும் போயிற்று. தொட்டால் குளிர்ந்தது. புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பாத்திமுத்து குடம் குடமாக வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வடிவம்மாள் ஒத்தடம் கொடுத்தாள். மடி மறுபடி சூடாகவில்லை.

உச்சிமாகாளி உடுப்போடேயே வந்தான். சாரலில் நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சாவடிக்கு வந்த ஓலையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"லாரிக்குள்ள கிருமி இருக்கான்னு பாக்கச் சொல்லுதாவ மதினி. எல்லாரும் சிரிக்காவ. எனக்குச் சிரிப்பு வரல. பாலற்றுப்போன ஆடுன்னு எழுதிருக்கு. நெசமா?"

"அப்பிடில்லாம் இல்ல. கொஞ்சம் கொறஞ்சிருக்கு. சரியாயிரும்."

"பிள்ள ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"தூக்கக் கலக்கம்."

அவன் குழந்தையைப் பார்த்தான். அதன் கைமணிக்கட்டை விரலால் தொட்டான். கறுப்பு வளையல் முழங்கை வரை நழுவி ஏறியது.

"பாலக் காட்டுங்க மதினி. ஒரு பாலாடை போதும். நான் பிள்ளைய விட்டுட்டுப் போயிருதேன்."

வடிவம்மாள் செம்பை எடுத்தாள். மயிலியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நிற்கவே வலுவில்லாத ஆடு, அவள் கை பட்டதும் கால்களைப் பரப்பிச் சமாளித்து நின்றது. எப்போதும் அவளுக்கு நிற்பது போலவே நின்றது. அவள் மெல்லப் பிடித்து இழுத்தாள்.

"தாயீ, ஒரே ஒரு வாட்டிட்டி. ஒரே ஒரு வாட்டி."

செம்பில் பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது. நாறியது. அவள் மறுபடி இழுத்தாள். உச்சிமாகாளி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போதும் மதினி. அதப் போட்டுப் படுத்தாதீங்க."

"இன்னொரு காம்பு இருக்கு."

"மதினி."

"இருங்க தம்பி, இன்னொரு காம்பு இருக்கு."

பாத்திமுத்து வந்து அவள் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டாள். குழந்தையின் துணிகளையும் பாலாடையையும் ஒரு பழைய சேலையில் முடிந்து கொடுத்தவளும் அவள்தான். பஸ் புறப்படும் வரை அழுகைச் சத்தம் தெருமுனையிலிருந்து கேட்டது. பஸ் போனபின் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மயிலி ஒரு தடவை கத்தியது. குழந்தை அழுதால் அது கத்துவது வழக்கம். அழுகை எங்கே என்று கேட்டது போலிருந்தது.

மறுநாள் மயிலி செத்துப்போயிற்று.

வடிவம்மாள் நிலையத்துக்குப் போய்ச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதிகாரி அவளை உட்காரச் சொன்னார்.

"ஆடு செத்துவிட்டது. கிருமி?"

"எனக்கு என்னய்யா தெரியும்?"

"ஆட்டின் பாலில் கிருமி இப்போது இருக்கிறதா?"

"பாலே இல்லய்யா. ஆடே இல்ல."

"ஆக, கிருமி இல்லை!" அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "டாக்டர், மூன்றாவது சந்தர்ப்பத்தில் கிருமி பணிந்துவிட்டது!"

வாசலில் பந்தல் போட்டார்கள். மண்டல அதிகாரி மாலையோடு வந்தார். வடிவம்மாளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"பெருமக்களே! எல்லை தாண்டி வந்த ஒரு கிருமி அரசு மருந்தை எதிர்த்து நின்றது. நாம் மருந்தை மாற்றினோமா? இல்லை! அளவைக் கூட்டினோமா? இல்லை! கொள்கையில் உறுதியாக நின்றோம். ஆட்டை இழந்தோம். மடியை இழந்தோம். ஆனால் கொள்கையை இழக்கவில்லை! இந்த வெற்றியை அடுத்த ஆண்டு இந்த மாவட்டத்தின் எல்லா மடிகளுக்கும் கொண்டுசெல்வோம்!"

கைதட்டினார்கள். வீங்கிய மடியோடு வந்திருந்த மாடுகளைக் கூட்டம் முடியும் வரை பின்பக்கம் கட்டச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் நம்பிராஜன் கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வடிவம்மாளைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்தாள்.

"அது நல்ல ஆடு" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் சங்கிலிப்பாண்டி அவளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு டீத் தம்ளரைக் கையில் கொடுத்தார். மனசு இளகிய மனுஷர்தான்.

"குடிங்கம்மா. மொகமெல்லாம் வாடியிருக்கு. பால் டீ."

"சீசன்ல உங்களுக்கு மட்டும் பால் எங்கன கெடைக்கு அண்ணாச்சி?"

"பாலு ஏதும்மா? பொடி." கைகுலுக்கும் படம் போட்ட டப்பாவைக் காட்டினார். "வெந்நீர்ல கலக்குனா பாலு. அமெரிக்காக்காரன் தாயில்லாப் பிள்ளையளுக்குன்னு அனுப்புனது. பிரசவ ஆஸ்பத்திரியில வைக்க எடமில்லன்னு இங்கன கொண்டாந்து அடுக்கிட்டாவ. யாரும் கேட்டு வரல. கெட்டுப் போவப்பிடாதுல்லா? அதான் நாங்க டீக்கு..."

வடிவம்மாள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே அடுக்கியிருந்தவற்றைப் பார்த்தாள். கூரை வரை டப்பாக்கள் இருந்தன.

"இது மருந்து இல்லையா?"

"பாலும்மா. பச்சப்பிள்ளைக்குக் குடுக்கலாம். ஆமா, ஒங்க இடுப்புல ஒரு பிள்ள அழுதுக்கிட்டே இருக்குமே? அதுக்குத் தாய் இல்லன்னு சொன்னாவளே?"

"இல்ல."

"அடடா. அப்ப அதுக்கு இது உண்டே! முதல்லயே ஒரு வார்த்த கேட்டுருக்கப்பிடாதா? நாளைக்குப் பிள்ளையக் கொண்டாந்து டாக்டரய்யாகிட்டக் காட்டுங்க. பிள்ளையக் காட்டினாத்தான் டப்பா தரலாம். விதி."

பாத்திமுத்து அவள் தோளைத் தொட்டாள்.

"வாக்கா, போவம்."

"கொஞ்சம் பொறுட்டி" என்றாள் வடிவம்மாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "அங்கன பாலக் காட்டுனா பிள்ளையத் தாரேன்னாவ. இங்கன பிள்ளையக் காட்டுனா பாலத் தாரேங்காவ. நான் எத மொதல்ல காட்ட?"

சங்கிலிப்பாண்டிக்கு விளங்கவில்லை. அவர் நல்லவிதமாகச் சிரித்தார்.

"டீ ஆறுது, குடிங்கம்மா."

அவள் குடிக்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். டீ ஆறி, மேலே மெல்லிசாகப் பாலாடை படிந்தது.